இப்போதைக்கு இரண்டு

கொட்பே ஐஸ் கொம்பனியில்
மூன்று அரைவை மெசின்கள்.
மூன்றுக்கும் ஒரே வேகம்: கட்டிக்கு ஒரு நிமிடம்.
நாலு மணிக்கு முன் எதுவும் ஓடாது.
நள்ளிரவிலிருந்து துண்டு எழுதுகிறவள் நான்.
வள்ளங்கள் ஒவ்வொன்றாக வரும்,
தனக்குப் பின்னால் யார் என்று தெரியாமல்.

வந்தவனைக் காக்க வைக்க முடியாது.
கயிறு கையில் இருக்கும்போதே
"எந்த மெசின்?" என்பான்.
சுமை குறைந்தது எதுவோ அதைச் சொல்வேன்.
பெரிய வித்தை ஒன்றுமில்லை,
பந்தியில் வெறும் இலை கண்ட பக்கம்
கரண்டி போவதுபோல.

அன்றைக்கு ஆறு ஒருநாள் வள்ளங்கள்,
தலைக்குப் பத்துக் கட்டி.
இருபது, இருபது, இருபது.
என் கொப்பியில் அப்படியொரு சமநிலையை
நான் கண்டதில்லை.
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டேன்.

மூன்றே காலுக்கு
ஒரு பலநாள் படகின் விளக்கு உள்ளே திரும்பியது.
"நெத்மி துவ". தண்டயல் சரத்சிறி.
விரல்களால் காட்டினான்: அறுபது.

இருபதின்மேல் அறுபது என்றால் ஐந்து இருபதாகும்.
சரிசமமாக நிரப்பியதே பிழையாய்ப் போனது.
பெரியவன் வந்து நிற்க
வெறும் இடம் எங்கும் விடவில்லை.

மாற்றலாம்தான்.
ஆனால் யூசுப்லெவ்வை முதலாளி
சுவரில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறார்:
வந்தவன் கேட்கிற கட்டிக்கு மேல்
நின்றவர்களின் ஒரு கட்டியும் அசையக் கூடாது.
ஐந்து கட்டிக்காரன் வந்தால்
பத்துக் கட்டிக்காரன் நின்ற இடத்தில் நிற்பான்.
அறுபது வந்தால் அறுபது மட்டும் என் அதிகாரம்.
எனக்கு இருபது போதும்.

மூன்றில் நின்ற குணராசாவை ஒன்றுக்கும்
அவனுக்குப் பின் நின்ற நவ்பரை இரண்டுக்கும் அனுப்பினேன்.
முப்பது, முப்பது, அறுபது.
எல்லாம் முடிய ஐந்து மணி.
இருபது நிமிடம் லாபம்.

யாருக்கு என்று கொப்பி கேட்காது.
நாலு பத்துக்குப் போயிருக்க வேண்டிய குணராசா
நாலு முப்பதுக்குப் போனான்.
ஒன்றும் சொல்லவில்லை.
துண்டை வாங்கி, பழைய இலக்கத்தைப்
பெருவிரலால் தேய்த்தான். மை ஈரம்.
அந்தத் தேய்ப்பை எழுத
என்னிடம் நிரல் இல்லை.

சோக்கு எழுத்தைப் பார்க்கிற நேரமெல்லாம்
சம்பூர் நினைவு வரும்.
எங்களை நகர்த்தியவர்களிடம்
இப்படி ஒரு சுவர் இருக்கவில்லை.
வந்தது ஒரு வேலி.
அசைந்தது ஊர்.
பாடசாலையில் ஒரு வகுப்பறை, பிறகு தறப்பாள்,
பிறகு வேறொரு தறப்பாள்.
ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு தந்தார்கள்,
இலக்கம் போட்டு.

அன்றைக்குக் கடைசிக் கட்டி அரைபட்டபோது
ஆறு ஐம்பது. மொத்தம் பதினேழு வள்ளம்.
வெளிச்சத்தில் உட்கார்ந்து
துண்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால்
எல்லாரையும் திரும்ப அடுக்கினேன்.
யார், எத்தனை, எல்லாம் தெரிந்த பிறகு
ஆறு இருபத்தைந்துக்கே முடிகிறது.
யாருக்குத்தான் முடியாது அப்போது?
மிச்ச இருபத்தைந்து நிமிடம்
என் மந்தமா, இருட்டின் கூலியா?
இரண்டையும் கூட்டி
ஒரே எண்ணாகத்தான் எழுத முடிகிறது.

இப்போதெல்லாம் மூன்றாம் மெசினைக்
கொஞ்சம் குறைத்தே வைக்கிறேன்.
கொப்பி கோணலாகத் தெரியும்.
முதலாளி பார்த்தார், கேட்கவில்லை.
சில இரவு பெரியவன் வருவதில்லை;
அந்தக் குறை வீணாகவே விடியும்.

நேற்று முதலில் வந்தது நவ்பர்.
"எந்த மெசின், தங்கச்சி?"
"இப்போதைக்கு ரெண்டு."
"இப்போதைக்கா?"
என்று சிரித்தவன்
கயிற்றைத் தூணில் சுற்றி,
ஒரே இழுவையில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டான்.